வேரக்காவின் மூன்று மாதக் கணக்கு

மயிர் பிடுங்குகிற வேலை என்று ஒருவருடைய உத்தியோகத்தைச் சொல்லிப் பாருங்கள், கைகலப்பில் முடியும். வேரக்காவுக்கு அந்தக் கவலை இல்லை. அவளுடைய உத்தியோகமே அதுதான். தோல் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், நடை முடிகிற இடத்திலிருக்கும் சின்ன அறையில், இருபத்தாறு வருடங்களாக ஊரார் தலையிலிருந்து ஆளுக்கு ஐம்பது முடி பிடுங்கி, மைக்ராஸ்கோப்பில் வேரைப் பார்த்து, எத்தனை வளர்கிறது, எத்தனை உதிரப்போகிறது என்று எண்ணி டாக்டருக்கு எழுதிக் கொடுத்துவந்தாள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. வாட்ச்மேனிலிருந்து பெரிய டாக்டர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் வேரக்கா.

வருகிறவர்கள் ஐந்து நாள் தலைக்குக் குளிக்காமல் வர வேண்டும். குளித்தால் விழ வேண்டியதெல்லாம் வீட்டிலேயே விழுந்து கணக்கு தப்பிப்போகும். அதனால் அந்த அறைக்கென்று ஒரு வாசனை உண்டு, எண்ணெய்ச் சிக்கும் வியர்வையும் கலந்தது. புதிதாகச் சேரும் நர்ஸுகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். வேரக்காவுக்கு அது பழகிப்போய், ஞாயிற்றுக்கிழமைகளில் அது இல்லாமல் என்னவோ போலிருக்கும். பிடுங்குவதற்கு ஓர் இடுக்கி. முடி நழுவாமல் இருக்க அதன் முனைகளில் மெல்லிய ரப்பர் குழாய் மாட்டியிருக்கும். "மூணு எண்ணுவேன், பயப்படாதீங்க" என்பாள். ஒண்ணு, ரெண்டு என்று சொல்லி, இரண்டிலேயே பிடுங்கிவிடுவாள். மூணு என்பது உட்கார்ந்திருப்பவர் "ஐயோ" என்று அலறுவதற்காக ஒதுக்கிய நேரம். மெதுவாக இழுத்தால் வேர் சிதைந்துவிடும், வெடுக்கென்று இழுத்தால்தான் முழுசாக வரும் என்பது அவளுடைய நியாயம்.

பிடுங்கியதைக் கண்ணாடித் துண்டில் வரிசையாகப் படுக்கவைத்துக் குனிந்தாளானால் இடி விழுந்தாலும் காதில் விழாது. வளர்ந்துகொண்டிருக்கிற முடியின் வேர் கறுப்பாக, ஈரமாக, காலுறை போட்டுக்கொண்டதுபோல் ஓர் உறையோடு இருக்கும். வளர்ந்து ஓய்ந்த முடியின் வேர் வெளுத்து, உருண்டு, தீக்குச்சித் தலை மாதிரி இருக்கும். நல்ல தலை என்றால் நூற்றுக்கு எண்பத்தைந்து, தொண்ணூறு வளரும், மிச்சம் ஓய்வெடுக்கும். ஒவ்வொரு முடிக்கும் தனித்தனி நாள்காட்டி. இரண்டு வருஷம், நாலு வருஷம், சிலருக்கு ஆறு வருஷம், மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் வளரும். பிறகு நின்றுவிடும். நின்ற பிறகும் மூன்று மாதம் போல் தலையிலேயே சும்மா உட்கார்ந்திருக்கும், அப்புறம்தான் உதிரும். அதே குழியிலிருந்து அடுத்தது கிளம்பும். தினமும் ஐம்பது, நூறு விழுந்தாலும் தலை காலியாகாமல் இருக்கிற ரகசியம் இதுதான். "கடவுள் ஷிஃப்ட் போட்டு வெச்சிருக்கான், எல்லாரும் ஒரே நாள்ல லீவு எடுத்தா தலை என்னத்துக்கு ஆகும்?" என்பாள் வேரக்கா.

ஆனால் உடம்புக்கோ மனசுக்கோ பெரிய அடி விழுந்தால் இந்த ஷிஃப்ட் குலைந்துபோகும். கடுங்காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன், வீட்டில் ஒரு சாவு, எதுவாகவும் இருக்கலாம். வளர்ந்துகொண்டிருந்த முடியில் பெரும் பங்கு ஒரேயடியாக வேலையை நிறுத்திவிடும். நிறுத்திய அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மூன்று மாதம் கழித்துத்தான் சீப்போடு கொத்துக் கொத்தாக வரும். அதற்குள் பட்டவர் பட்டதை மறந்திருப்பார். தண்ணீர் சரியில்லை, ஷாம்பூ சரியில்லை, கட்டின வீட்டுக்காரி சரியில்லை என்று புலம்பிக்கொண்டு வந்து உட்காருவார். வேரக்கா கண்ணை எடுக்காமலேயே கேட்பாள்: "மூணு மாசத்துக்கு முன்னாடி வீட்டுல என்ன நடந்துச்சு?"

இந்தக் கேள்விக்கு ஆஸ்பத்திரி முழுக்கப் பெயர். ஒரு பஸ் கண்டக்டர், மலை மாதிரி ஆள், "ஒண்ணும் நடக்கலைம்மா, நான் என்ன பொம்பளையா, இதுக்கெல்லாம் அசர்றதுக்கு" என்று சிரித்துவிட்டுப் போனார். பாதிப் படி இறங்கியவர் திரும்பி ஏறி வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு, "எங்க அண்ணன் தவறிட்டாரு" என்றார். வேரக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள். அன்றைக்கு மூன்று நோயாளிகள் கூடுதலாகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. "பயப்படாதீங்க, வேர் போகலை, முடிதான் போகுது. ஆறு மாசத்துல துளிர்த்துடும்" என்று சொல்லி அனுப்பினாள். அவள் சொன்னபடியே துளிர்த்தது.

இவ்வளவு பேர் தலையை அறிந்தவளுக்குத் தன் தலையில் இருப்பது ஒரு எலிவால். பிறந்ததிலிருந்தே அப்படித்தான். "உங்க தலைக்கு ஏதாவது பண்ணிக்கிட்டு அப்புறம் எங்க தலைக்கு வாங்கக்கா" என்று கிண்டல் பண்ணாதவர்கள் குறைவு. அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். அந்தக் கிண்டல் எல்லாம் அவளுக்குப் பாலபாடம். வீட்டிலேயே தங்கச்சி என்று ஒருத்தி இருந்தாளே, இடுப்புக்குக் கீழே பின்னல் தொங்க.

இரண்டு பெண்களுக்கும் பள்ளிக்கூட நாளில் அம்மாதான் தலைவாரிவிடுவாள். சமையலறை வாசற்படியில் அம்மா உட்கார்ந்துகொள்வாள், கீழ்ப்படியில் பெண்கள் முறை வைத்து உட்காருவார்கள். பெரியவளுக்கு ஐந்து நிமிஷம். சின்னவளுக்கு அரை மணி. முதல் ஆளாக எழுந்து பை, செருப்பு எல்லாம் எடுத்துவைத்துவிட்டுப் பெரியவள் வாசலில் நின்று கத்துவாள், "அம்மா, மணி அடிச்சுடும்". உள்ளேயிருந்து அம்மாவும் சின்னவளும் ஏதோ ரகசியம் பேசிச் சிரிக்கிற சத்தம் வரும். அந்த அரை மணி நேரத்தின்மேல் பெரியவளுக்கு இருந்த பொறாமை கொஞ்ச நஞ்சமல்ல. வெறும் ஆற்றாமையில் சீப்பில் சிக்கிய தங்கச்சியின் முடியை எண்ணிப் பார்ப்பாள். எண்பது, தொண்ணூறு என்று வந்தால் மனசுக்கு ஒரு குளிர்ச்சி. எண்ணிப் பழகியது அப்படித்தான், பின்னால் அதற்கே சம்பளம் வரும் என்று அப்போது யார் கண்டது?

சின்னவள் கல்யாணமாகி ஊரின் மறுகோடிக்குப் போனாள். பெரியவளுக்கு ஒன்றும் அமையவில்லை, அமையாததற்கு அவள் அழவும் இல்லை. அம்மாவும் அவளுமாக மாடி வீட்டில் இருந்தார்கள். இருந்தார்கள் என்று சொல்வதைவிடச் சண்டை போட்டார்கள் என்று சொல்லலாம். இரண்டு பேருக்குமே அது இல்லாவிட்டால் பொழுது போகாது.

போன வருஷம் ஒருநாள் காலையில் அம்மா காபியைக் கையில் வைத்துக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தாள். அவ்வளவுதான். நோயில்லை, நொடியில்லை. வேரக்கா இடிந்துபோனாள். அப்போது வந்து இறங்கினாள் தங்கச்சி. இரண்டு மாதமாக அது இது என்று சாக்குச் சொல்லி எப்போதும் வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் வராமல் இருந்தவள். பின்னலைக் காணோம். காதுக்கு மேலே ஒட்ட வெட்டி, சினிமாக்காரி மாதிரி ஒரு தலை. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அம்மாவின் காலைத் தொட்டுவிட்டு, சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

வேரக்கா அவ்வளவு பேர் முன்னால் பொங்கிவிட்டாள். "அம்மா போயிட்டாங்க, நீ ஸ்டைலா முடி வெட்டிக்கிட்டு வந்து நிக்கற. அந்தத் தலையை வாரி வாரியே அம்மா கை தேஞ்சுபோச்சுடி. ஒரு சொட்டு அழக்கூட உனக்கு மனசு வரலை, நீ எதுக்கு வந்தே?" எல்லாம் முடிந்ததும் சின்னவள் புருஷனோடு கிளம்பிப் போனாள். அதன்பிறகு போன் இல்லை, வரத்து இல்லை. பதினோரு மாதம்.

அம்மா போன மூன்றாம் மாதம் வேரக்காவின் எலிவாலும் உதிர ஆரம்பித்தது. அவளே கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, ஒண்ணு, ரெண்டு என்று தன் தலையில் பிடுங்கிப் பார்த்தாள். ஐம்பதில் பத்தொன்பது வெள்ளை வேர். வருத்தப்பட வேண்டியவள் அதைப் பார்த்துக் கொஞ்சம் பெருமைப்பட்டாள் என்பதுதான் உண்மை. துக்கத்துக்கு யாரோ சான்றிதழ் கொடுத்த மாதிரி இருந்தது. 'என் தலைக்குத் தெரியுது, அவளுக்கு என்ன தெரியும்' என்று நினைத்துக்கொண்டாள். இப்படி நினைத்தாளே தவிர, ஞாயிற்றுக்கிழமைகளில் வாசல் மணி அடித்தால் ஓடிப்போய்த்தான் கதவைத் திறந்தாள். ஒவ்வொரு தடவையும் பால்காரரோ பக்கத்து வீட்டுக்காரரோதான். உலகத்தில் அவளுக்கென்று மிச்சம் இருந்தது அந்த ஒருத்திதான். அவளையும் வாயால் துரத்திவிட்டோமே என்பது சோறு இறங்காத அளவுக்கு வலித்தது. ஆனால் முதலில் போன் பண்ணுவது யார்? வீம்பு விடவில்லை.

அம்மாவின் அலமாரியைத் தொடவே பதினோரு மாதம் ஆயிற்று. மழை ஒழுகி அடித்தட்டு நனைந்ததால் தொட வேண்டிவந்தது. துணிகளுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டப்பா. உள்ளே ஏழு பொட்டலங்கள். அம்மா எதைப் பொட்டலம் கட்டினாலும் நாள்காட்டியில் கிழித்த தாளில்தான் கட்டுவாள். ஒன்றைப் பிரித்தாள். முடி. நீள முடி. யார் முடி என்று மைக்ராஸ்கோப் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. அந்த நீளமும் கருமையும் அந்த வீட்டில் ஒருத்திக்குத்தான் உண்டு.

முதலில் அவளுக்கு வந்தது கோபம். 'வெட்டின முடியைக் கொண்டுவந்து அம்மாகிட்டயே குடுத்திருக்கா பாரு' என்று முணுமுணுத்தாள். முணுமுணுத்த வாய் அப்படியே நின்றது. வெட்டின முடிக்கு வேர் எங்கே இருக்கும்? ஜன்னல் பக்கம் போய் ஒரு முடியை வெளிச்சத்தில் பிடித்தாள். நுனியில் சின்னதாக, வெள்ளையாக ஒரு புள்ளி.

மறுநாள் ஏழு பொட்டலங்களையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். வந்தவர்களையெல்லாம் அனுப்பிவிட்டு, மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணினாள். சீப்பில் வருவதெல்லாம் ஓய்ந்த முடிதான், அது அதிசயமில்லை. அதிசயம் எண்ணிக்கையில் இருந்தது. முதல் பொட்டலத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு. ஒரு தடவை வாரினதற்கு அது வழக்கத்தைவிட மும்மடங்கு. அடுத்ததில் நானூறு. ஏழாவது பொட்டலத்தில் முடி இரண்டு விரல் நீளம்தான், அதிலும் வெள்ளை வேர். ஒட்ட வெட்டிய பிறகும் உதிர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. அவள் அழகுக்காக வெட்டவில்லை, வாரினால் கையோடு வருகிறதே என்று பயந்து வெட்டியிருக்கிறாள். இருபத்தாறு வருஷம் வேர் பார்த்த கண், கூடப் பிறந்தவள் தலையில் வகிடு அகன்றிருந்ததைப் பார்க்காமல் போயிற்று. ஊரெல்லாம் கேட்ட கேள்வியை வீட்டுப் பெண்ணிடம் கேட்காமல், ஏச மட்டும் தெரிந்திருந்தது. வேரக்காவுக்குத் தன்னை நினைத்தே வெட்கமாக இருந்தது.

நாள்காட்டித் தாள்களை வரிசையாக அடுக்கினாள். எல்லாம் புதன்கிழமை. முதல் தாள் அம்மா போவதற்கு ஏழு வாரம் முந்தியது. அதிலிருந்து மூன்று மாதம் பின்னால் எண்ணினாள். எண்ணி முடித்த இடத்தில் இருந்த வாரம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அம்மா சின்னவள் வீட்டுக்குப் போய் நாலு நாள் தங்கிய வாரம். அம்மா திரும்பி வரும்போது அசத்த வேண்டும் என்று வேரக்கா லீவு போட்டுச் சமையலறைக்குப் பச்சை வர்ணம் அடித்த வாரம். "என்னடி இது, சுவரெல்லாம் தவளைத் தோலை ஒட்டின மாதிரி" என்று வந்ததும் வராததுமாக அம்மா ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு வந்த ஐந்து மாதத்தை நினைத்தால் வேரக்காவுக்கு இப்போதும் சிரிப்பு வரும். என்றைக்கும் இல்லாத உற்சாகம் அம்மாவுக்கு. தினமும் சாயங்காலம் சீட்டு ஆடினார்கள். அம்மா கூசாமல் கள்ள ஆட்டம் ஆடுவாள், பிடித்தால் "வயசானவளை ஜெயிச்சு என்ன கிழிக்கப்போறே" என்பாள். பச்சைச் சுவரைப் பார்த்து தினம் ஒரு வசை. பஸ் ஏறிக் கடற்கரைக்குப் போனார்கள், போகிற வழியெல்லாம் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை. இதெல்லாம் நடந்த அதே வாரங்களில் சின்னவள் தலை கொட்டியிருக்கிறது.

இன்னொன்றும் அந்த டப்பாவில் இருந்தது, அம்மாவின் வைட்டமின் மாத்திரை பாட்டில். சின்னவள் வாங்கிக் கொடுத்தது என்று அம்மா சொல்லியிருந்தாள். வேரக்கா கீழே மருந்தகத்துக்குப் போய், உள்ளங்கையில் நாலு மாத்திரையைக் கொட்டிக் காட்டினாள். மருந்தாளர் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாருக்குக்கா? இது வைட்டமின் இல்லை. இதயம் ரொம்பப் பலவீனமா இருக்கறவங்களுக்குக் குடுக்கறது" என்றார்.

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு பஸ் மாறிப் போனாள். சின்னவள்தான் கதவைத் திறந்தாள். முடி கழுத்துவரை வளர்ந்திருந்தது. பழைய அடர்த்தி. அக்கா முகத்தையும் கையிலிருந்த பாட்டிலையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"உள்ள வாக்கா" என்றாள்.

மேஜைமேல் பாட்டிலையும் ஏழு பொட்டலங்களையும் வைத்தாள் வேரக்கா. "எப்ப தெரியும் உனக்கு?"

"அம்மா இங்க தங்கின அப்போ. படியேறும்போது மயங்கி விழுந்துட்டாங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். ஆபரேஷன் தாங்காது, எப்ப வேணா நின்னுடும்னு சொல்லிட்டாரு." சின்னவள் ஒரு பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்தாள். "புதன்கிழமை நீ வேலைக்குப் போனப்புறம் வருவேன். டாக்டர்கிட்ட போயிட்டு வந்து, பழைய மாதிரி எனக்குத் தலைவாரி விடுவாங்க. கொத்தா வந்ததும் பயந்துபோய், 'பெரியவகிட்ட காட்டணும்டி'ன்னு எடுத்து வெச்சாங்க. அப்புறம் அவங்களே வேண்டாம்னுட்டாங்க. நீ பாத்தா நாளை எண்ணிக் கண்டுபிடிச்சுடுவேன்னு. அதனாலதான் ஞாயித்துக்கிழமை நானும் வரலை."

"கண்டுபிடிச்சா என்ன? நான் ஆஸ்பத்திரில இருக்கறவடி. என்கிட்ட சொல்லாம உன்கிட்ட ஏன்?"

"அதைத்தான் நானும் கேட்டேன். 'பெரியவளுக்குத் தெரிஞ்சா அன்னிலேர்ந்து என்னை எண்ண ஆரம்பிச்சுடுவா. மாத்திரையை எண்ணுவா, மூச்சை எண்ணுவா, தூங்கற என் மூக்குல கை வெச்சுப் பாப்பா. இருக்கற நாள்ல நான் அவகூட நல்லா சண்டை போட்டுட்டு இருக்கணும்'னாங்க. கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாங்கக்கா."

வேரக்கா அப்படியே உட்கார்ந்தாள். "அம்மா போன அன்னிக்கு நான் அவ்வளவு பேசினேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"அழுது தீர்ந்திருந்துச்சு. அஞ்சு மாசமா பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதிருக்கேன்." சின்னவள் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "அப்புறம் கோவம். நிஜமாவே உன்மேல கோவம்க்கா. கடைசி அஞ்சு மாசம் அவங்க உனக்கு அம்மாவா இருந்தாங்க. எனக்கு நோயாளியா இருந்தாங்க. உன்னைப் பத்தித் திட்டித் திட்டிச் சிரிப்பாங்க. எனக்கும் அம்மாகூட ஒரு நாளாவது சண்டை போடணும்னு இருந்துச்சு. முடியலை. சண்டையில ஏதாவது ஆயிட்டா என்ன பண்றதுன்னு பயம்."

வேரக்கா வாய்விட்டு அழுதாள். சின்ன வயதில் பொறாமைப்பட்ட அரை மணி நேரத்தையெல்லாம் சேர்த்துவைத்து அந்த ஐந்து மாதமாகத் தங்கச்சி தனக்கே கொடுத்துவிட்டிருக்கிறாள், அதைக்கூட அறியாமல் கொடுத்தவளையே ஏசியிருக்கிறோம் என்று நினைக்க நினைக்க அழுகை நிற்கவில்லை. "என்னை மன்னிச்சுடுடி" என்று சொல்லப் பார்த்தாள், பாதிதான் வந்தது. சின்னவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அதெல்லாம் விடு" என்றாள். "என்னென்ன சண்டை போட்டீங்க? எனக்கு எல்லாம் சொல்லு. ஒண்ணு விடாம சொல்லணும்."

வேரக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "முதல் சண்டை ஒரு குடைக்கு. மழை வராதுன்னு அம்மா, வரும்னு நான். தெருமுனை போறதுக்குள்ள கொட்டுச்சு. ரெண்டு பேரும் தொப்பலா நனைஞ்சு ஒரு கடை வாசல்ல ஒதுங்கினோம். அம்மா என்னைப் பாத்து, 'நீ வரும்னு சொன்னதாலதான்டி வந்துச்சு, வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா'ன்னாங்க பாரு."

சின்னவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "அம்மா அப்படியா சொன்னாங்க? இன்னொரு தடவை சொல்லு" என்றாள்.

வேரக்கா முதலிலிருந்து இன்னொரு தடவை சொன்னாள்.